எதற்குக் கடன் என்று யாரும் கேட்கவில்லை

ஐப்பசி பிறந்துவிட்டால், வீட்டுத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடி கல் காயாது. கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றிப் பூப்போட்டு, அதன்மேல் சிமெண்டும் மணலும் அடைத்து, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைக்கிற வேலை இது. சூளை கிடையாது, வெயில்தான் எல்லாம். மழை பிடித்துக்கொண்டால் பட்டறை முழுக்கக் கல் ஈரத்தோடு அடுக்கிக் கிடக்கும், கோயம்புத்தூர்க்காரர் வீட்டுக்குப் போக வேண்டிய லோடு போகாது, லோடு போகாமல் அவர் மீதிப் பணத்தைத் தரமாட்டார், ஆனால் சனிக்கிழமை வந்தால் கூலி கொடுத்தே ஆக வேண்டும். நான் கல் செய்கிறவன் இல்லை. ஆர்டர் பிடித்து, பட்டறையில் செய்து வாங்கி, வண்டி ஏற்றி, ஆள் அனுப்பிப் பதித்துக் கொடுக்கிறவன். இருபது வருடமாக ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒன்றரை லட்சத்தைப் புரட்டுவதுதான் என் பாடு. தை பிறந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

போன ஐப்பசியில், எனக்கு வழக்கமாகக் கைமாற்றுத் தருகிற அண்ணன், தன் மகனைப் பார்க்க சிங்கப்பூர் போய்விட்டார். சரி, காரைக்குடியே போனில் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது, நாமும் பார்ப்போமே என்று ஒரு செயலியை இறக்கினேன். ராத்திரி பன்னிரண்டு நாற்பது. பகலில் எனக்கு நேரம் ஏது? பான் எண் கேட்டது, ஆதார் கேட்டது, முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன். இருப்பிடம் பார்க்கலாமா என்றது, பார்த்துக்கொள் என்றேன். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்றது. கொஞ்சம் யோசித்தேன், அப்புறம் அதற்கும் தலையாட்டினேன். கடைசியில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு பட்டியல்: கல்யாணம், மருத்துவம், படிப்பு, பயணம், வீடு பழுது, இதர. மழையில் கல் காயவில்லை என்பதற்கு அதில் இடம் இல்லை. 'இதர' என்பதை அழுத்தினேன். நாலே நிமிடம். தற்போது உங்களுக்குக் கடன் வழங்க இயலவில்லை, நன்றி. எதனால் என்று ஒரு வரி கிடையாது.

கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இத்தனைக்கும் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கடன் இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு, அவர்களிடம் 'ஏண்ணே, என்ன குறை கண்டீங்க' என்று கேட்டிருக்கிறேன், ஒருவர் 'நீ போன தடவை பத்து நாள் இழுத்தே' என்று சொல்லவும் செய்தார். இழுத்தது உண்மைதான். இங்கே கேட்பதற்கு ஆளே இல்லை.

இதை எழுதுகிறவன் நகரத்தான், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், என்பதால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆளை வேவு பார்த்துக் கடன் கொடுப்பது எங்களுக்குப் புதிது இல்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் நீங்கள் வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போகிற வீடுகளில், அந்தப் பர்மாத் தேக்குத் தூண்களில் பாதிக்குமேல் எங்கள் ஆட்கள் கடல் தாண்டி நடத்திய வட்டிக்கடைக் காசுதான். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாகப் பர்மாவில் இருக்கிற பெகுவுக்குக் கப்பல் ஏறியவர். பெட்டியடியில் உட்கார்ந்து, கடன் கேட்டு வருகிறவனிடம் மேலாள் என்ன பேசுகிறார் என்று காது கொடுப்பதுதான் முதல் படிப்பு. அப்புறம் அடுத்தாள், அப்புறம் ஒரு கடைக்கு மேலாள். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வந்து பிள்ளை முகம் பார்த்துவிட்டு மறுபடியும் கப்பல்.

ஐயா சொல்வார்: உழவன் வந்து உட்கார்ந்தால் பணப் பேச்சே முதலில் வராது. எத்தனை ஏர் ஓட்டுகிறாய், மாடு உன்னுடையதா வாடகையா, மச்சினன் எந்த ஊர், போன வருடம் எந்தக் கடையில் வாங்கினாய், இந்த வருடம் ஏன் அங்கே போகவில்லை. அந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆள் தெரிந்துவிடுவானாம். அதற்குமேலும் சந்தேகம் இருந்தால் பையனை அனுப்பி வயலைப் பார்த்து வரச் சொல்வார்கள், வருகிற வழியில் சாராயக் கடையில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டு. இன்றைக்கு இதையே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு 'நடத்தைத் தரவு' என்கிறார்கள்.

இதில் பெருமை பேச ஒன்றும் இல்லை. வாக்குக்கும் காசுக்கும் சேர்த்து 'நாணயம்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிற பாஷை நம்முடையது, ஆனால் அந்த நாணயம் எல்லாருக்கும் ஒரே மாதிரி எடை போடப்படவில்லை. எங்கள் பக்கம் 'விலாசம்' என்றால் வீட்டு முகவரி மட்டும் இல்லை. அப்பச்சி (அப்பா), ஐயா, பாட்டையா (ஐயாவின் அப்பா) பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த கடைப்பெயரும் விலாசம்தான். அந்த நாலெழுத்தைப் பார்த்துக் கடல் தாண்டி உண்டியலுக்கு, அதாவது இன்னாருக்கு இத்தனை கொடுக்கவும் என்று எழுதிய சீட்டுக்கு, பணம் கொடுத்தார்கள். நாலெழுத்து இல்லாதவன் நகையோ நிலமோ கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வட்டியைக் கூட்டிக் கேட்பார்கள். இதே ஊரில் மூன்று தலைமுறையாகக் கல் பதிக்கிற குடும்பத்துக்கு, ஒரு கல்கூட ஏறுமாறாகப் பதிக்காத குடும்பத்துக்கு, அந்த விலாசம் கிடைக்கவே இல்லை.

அதனால், வங்கி கைவிட்டவர்களுக்கும் நாங்கள் கடன் கொடுக்கிறோம் என்று செயலிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் வேலை பார்க்கிற ஒரு தம்பி, ஊர் சாக்கோட்டைப் பக்கம், வங்கியில் கடன் என்று ஒன்றை வாங்கியதே இல்லை. வாங்காததால் கடன் வரலாறு இல்லை, வரலாறு இல்லாததால் வங்கி தராது. அவனுடைய வங்கிக் கணக்கில் வாராவாரம் சனிக்கிழமை கூலி ஏறுவதைப் பார்த்து ஒரு செயலி பத்தாயிரம் கொடுத்தது, கட்டினான், இருபதாயிரம் கொடுத்தது, கட்டினான், மகளுக்கு சைக்கிள் வாங்கினான். சம்பாத்தியத்தைப் பார்த்துக் கொடுத்த கடன் அது. சொந்தக் கணக்கு விவரத்தை நாமே சம்மதித்து, இன்ன கடன்காரருக்கு இத்தனை நாளைக்கு என்று காட்ட, வேண்டாமென்றால் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள, 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' என்று ஓர் ஏற்பாடு 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது எனக்குச் சரியாகவே படுகிறது.

எனக்கு உறுத்துவது அதையும் தாண்டி உள்ளே நோண்டுவது. ஜெர்மனியில் இணையத்தில் மேசை நாற்காலி விற்கிற ஒரு கடை, பொருளை முதலில் அனுப்பிவிட்டுப் பதினான்கு நாளில் பணம் வாங்குகிற கடை. அங்கே நடந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரங்களை எடுத்து நான்கு ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள், 2020-ல் கட்டுரை வெளிவந்தது. சம்பளம் பார்க்கவில்லை, சொத்து பார்க்கவில்லை. என்ன போன், எந்த மின்னஞ்சல் நிறுவனம், எத்தனை மணிக்கு வாங்கினார், பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினாரா, இவ்வளவுதான். ஐபோன்காரர்கள் ஆண்ட்ராய்ட்காரர்களைவிட ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். நள்ளிரவுக்கு மேல் வாங்கியவர்கள் மத்தியானம் வாங்கியவர்களைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு பணம் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே தட்டியவர்களும் அப்படித்தான். மின்னஞ்சலில் சொந்தப் பெயர் இருந்தால் நல்லவர், எண் இருந்தால் கொஞ்சம் சந்தேகம். இந்தச் சில்லறைத் தடயங்கள் எல்லாம் சேர்ந்து, யார் எப்படிக் கடன் கட்டினார் என்று பதிந்து வைக்கிற அந்த நாட்டுக் கடன் தகவல் நிறுவனம் கொடுக்கிற மதிப்பெண்ணுக்குச் சமமாக, ஒரு நூலளவு மேலாகவே கணித்தன.

என்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்ட். பன்னிரண்டு நாற்பது மணி. மின்னஞ்சலில் பிறந்த வருடம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துப் போட எனக்குப் பொறுமை கிடையாது. அந்தச் செயலி இதையெல்லாம் பார்த்ததா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் பார்த்திருந்தால் நான் அந்த நாலு நிமிடத்தில் எத்தனை குழியில் விழுந்திருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் ஈரக் கல்லோடு மல்லுக்கட்டுகிறவன் ராத்திரியில்தான் போனை எடுப்பான் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அது 'ஏன்' என்று பார்ப்பதே இல்லை, எத்தனை பேர் என்று மட்டும்தான் பார்க்கிறது.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்கிற பிராஸ்பர் என்ற தளத்தில், கடன் கேட்பவர்கள் தங்கள் கதையை எழுதிப் போடுவார்கள். அப்படி 1,20,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களின் வார்த்தைகளை ஓர் ஆய்வுக் குழு இயந்திரத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. குடும்பத்தைப் பற்றி அதிகம் எழுதியவர்கள், தயவுசெய்து உதவுங்கள் என்று கெஞ்சியவர்கள், கடவுள் பெயரைச் சொன்னவர்கள், இவர்கள்தான் கடனைக் கட்டாமல் விட்டவர்களில் அதிகம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் வட்டிக்கடைப் பேரேட்டில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்தது சிவமயம், அப்புறம் கோயிலுக்கு மகமைக் கணக்கு, அதற்குப் பிறகுதான் மனிதர்கள். ஐயா ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஆயா சுகமா, ஆத்தா சுகமா, மாடு கன்று போட்டதா என்று முக்கால் பக்கம் குடும்பம்தான் இருக்கும். அந்த இயந்திரத்திடம் கொடுத்திருந்தால் செட்டிநாடு மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருக்கும்.

ஆனால் ஐயா காலத்துக் கதையில் ஒரு பாதியை நாங்கள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. இத்தனை கேள்வி கேட்டு, சாராயக் கடை வரைக்கும் விசாரித்துக் கொடுத்த கடன்கள் என்ன ஆயின? 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தது. உழவன் அதே உழவன், அதே மாடு, அதே மச்சினன், குடிக்காதவன், போன வருடம் வரைக்கும் தவணை தவறாதவன். கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1937-ல் அது இருபத்தைந்து பங்கு. நிலம் வாங்கவா போனோம், பணம் திரும்பினால் போதும் என்று இருந்தோம் என்பார் ஐயா. இருக்கலாம். நிலத்தை இழந்தவனுக்கு அது ஆறுதல் இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது ஐயா நடந்தே ஊர் திரும்பினார், சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டு இன்றுவரை பூசாமல் நிற்கிறது.

ஆளை எவ்வளவு படித்தாலும் நெல் விலை அவன் முகத்தில் எழுதியிருக்காது. என் போனை எவ்வளவு குடைந்தாலும் ஐப்பசி மழை அதில் கிடைக்காது. கடன் கட்டாமல் போவதில் பாதி ஆளால் வருவதில்லை, இதை இந்த ஊரில் கடன் கொடுத்து வாங்கின எவரும் சொல்வார்கள். 'எதுக்குப்பா? எப்ப திருப்புவே?' என்று கேட்டிருந்தால் தை என்று சொல்லியிருப்பேன், ஆர்டர் நோட்டைக் காட்டியிருப்பேன், இருபது வருடத் தையையும் காட்டியிருப்பேன்.

சட்டம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020, 21-ல் கடன் செயலிகள் செய்த அட்டூழியம் நினைவிருக்கும். எனக்கே ஒரு மத்தியானம் போன் வந்தது, யாரோ ஒரு முரட்டுக் குரல், இன்னார் பணம் கட்டவில்லை, நீ சொல்லிக் கட்ட வை என்று. இன்னார் இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் நூறு சதுர அடி கல் வாங்கியவர், அவ்வளவுதான் உறவு. அவர் போனில் என் எண் இருந்த ஒரே பாவம். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ல் கணக்கெடுத்தபோது 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன: தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், போட்டோக்கள் இவற்றைத் தொடக் கூடாது, கேமராவும் இருப்பிடமும் சேரும்போது ஒரே ஒரு தடவை, அதுவும் சம்மதத்தோடு, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் சொல்ல வேண்டும், பணம் நேராக நம் கணக்குக்கு வர வேண்டும். 2025-ல் அதையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, முறையான செயலிகளின் பட்டியலையும் ரிசர்வ் வங்கித் தளத்தில் போட்டார்கள். செயலியை இறக்குவதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தேன், இருந்தது. ஆகையால் என்னை வேண்டாம் என்று சொன்னது ஒரு முறையான செயலிதான்.

ஏன் சொன்னது என்பது பிறகுதான் ஓரளவுக்குப் பிடிபட்டது. வங்கியில் இருக்கிற நண்பர் ஒருவர், 'உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கண்ணே, வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம்' என்றார். நாட்டில் இந்தக் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. மூன்றில் என் கணக்கு சுத்தம். நான்காவதில், நான் வாங்கவே வாங்காத ஒரு கிரெடிட் கார்டு, 63,000 ரூபாய் பாக்கி, பதினோரு மாதமாக.

அது என் பங்காளியுடையது, பெரியப்பச்சி மகன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், மூத்த மகனுக்கு ஐயா பெயரை வைப்பது. பெரியப்பச்சியும் வைத்தார், எங்கள் அப்பச்சியும் வைத்தார், இரண்டும் ஒரே ஐயா. பெரியப்பச்சி மெய்யப்பன், அப்பச்சி முத்தையா, இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் 'எம்'. ஆதாரில் இருவருக்கும் அதே பூர்வீக வீடு, ஒன்பது பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு. பிறந்த வருடமும் ஒன்று, அவன் மாசி, நான் ஆவணி. ஊரில் எங்களைப் 'பெரியவன்' 'சின்னவன்' என்று சொல்வார்கள், ஆறு வயசுக் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். அவன் கார்டு வாங்கியபோது பான் எண்ணை யாரோ தப்பாக ஏற்றியிருக்கிறார்கள், மீதி எல்லாம் ஒத்துப்போனதால் இயந்திரம் எங்கள் இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அதன் பங்குக்கு அதுவும் விலாசத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறது.

எழுதிப் போட்டேன், ஆதார், பான், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இணைத்து. முப்பது நாளுக்குள் திருத்த வேண்டும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. என் கணக்கைத் திருத்த நாற்பத்தொரு நாள் ஆனது. விடாமல் கேட்டு ஆயிரத்து நூறு ரூபாயை வாங்கினேன். செயலிக்கும் எழுதினேன், நிராகரித்ததற்கு இதுதான் காரணமா என்று. உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

கூலிக்கு என்ன செய்தேன்? மனைவி பீரோவைத் திறந்தாள். நகைக்கடனுக்குப் போனேன். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், அமிலம் ஒரு சொட்டு விட்டார், தராசில் வைத்தார், கல்லுக்குக் கழித்து எடை சொன்னார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் யார், எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், யார் யார் எண்ணை வைத்திருக்கிறேன், ஒன்றும் வேண்டாம் அவருக்கு. இருபத்தைந்து நிமிடத்தில் பணம். அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பீரோவில் நகை இல்லாதவர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது, சாக்கோட்டைத் தம்பிக்குக் கிடையாது.

அந்த நாற்பத்தொரு நாளுக்கு நடுவில் ஒரு நாள் பங்காளி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். என்னை வேண்டாம் என்ற அதே செயலி அவனுக்கு அனுப்பிய செய்தி. உங்கள் சிறப்பான கடன் ஒழுக்கத்தைப் பாராட்டி இரண்டு லட்சம் வரை முன் அனுமதி. அவன் பாக்கி முழுக்க என் கணக்கில் ஏறி உட்கார்ந்திருந்ததால் அவன் கணக்கு பளிங்கு மாதிரி இருந்திருக்கிறது. கீழே, 'சின்னவனே, பாத்தியா நம்ம நாணயத்தை' என்று எழுதியிருந்தான்.

'வாங்கித் தொலைச்சிடாதே பெரியவனே, அதுவும் என் பேர்லதான் ஏறும்' என்று பதில் போட்டேன். மணி பார்த்தேன், பன்னிரண்டு ஐம்பது.